இறாலும் தயிரும் மாம்பழமும்: உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம் வாங்குமுன்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைக் கரையில் நெத்தலி இரண்டு மூன்று நாளில் கருவாடாகிவிடும். மணலில் விரித்த வலை, உப்பு, வெயில், அவ்வளவுதான் செலவு. ஆனால் அந்தக் கருவாட்டை எவ்வளவு நேரம் தண்ணீரில் போட்டாலும் திரும்பப் பச்சை மீன் ஆகாது. வெயிலில் காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் திரவமாகவே மேற்பரப்புக்கு ஊர்ந்து வருகிறது. வரும்போது உப்பையும் இனிப்பையும் கூட இழுத்து வந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. தசை சுருங்குகிறது, மேற்புறம் இறுகுகிறது. உறைய வைத்து உலர்த்தும் முறை பிரிவது இந்த ஒரு இடத்தில்தான். அது தண்ணீரைத் திரவமாக நகர விடுவதே இல்லை. பனிக்கட்டியாக நிற்கும் இடத்திலிருந்தே ஆவியாக வெளியே எடுக்கிறது.

அதனால்தான் இப்படி உலர்த்திய இறால், உறைந்தபோது இருந்த அதே பருமனில் இருக்கும். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக எஞ்சும். சுடுதண்ணீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் ஓடிப்போய்ச் சில நிமிடங்களில் பழைய உருவம் திரும்பும். பாரிஸில் தார்சன்வால், போர்டாஸ் என்ற இருவர் 1906இல் இதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் இரத்தத் திரவவிழையத்தை (பிளாஸ்மா) தூளாக்கிப் போர்முனைக்கு அனுப்பப் பெருமளவில் பயன்பட்டது. நம்முடைய பிள்ளைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி, பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் முறிமருந்து இரண்டும் இன்றைக்கும் இப்படி உலர்த்திய தூளாகத்தான் குப்பியில் வருகின்றன. தாதி தண்ணீர் கலந்து குலுக்குவது அதற்காகத்தான்.

இப்போது சிறிய இயந்திரங்கள் வந்துவிட்டதால் மூதூர் இறாலையும் கிண்ணியாத் தயிரையும் இப்படி உலர்த்தி விற்கலாமா என்று பலரும் யோசிக்கிறார்கள். விற்கலாம். ஆனால் இயந்திரம் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "காற்றை இழுக்கும் பம்பி எவ்வளவு பெரியது?" என்பதாக இருக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. ஒடுக்கி, அதாவது ஆவியைப் பனியாகப் பிடிக்கும் குளிர்ப் பரப்பு, எத்தனை பாகைக்குக் குளிரும், அதுவும் நம்முடைய ஊர் வெக்கையில் எத்தனை பாகைக்குக் குளிரும் என்பதே முதல் கேள்வி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

தண்ணீரின் மும்மைப் புள்ளி, அதாவது பனிக்கட்டி, திரவம், ஆவி மூன்றும் சேர்ந்து நிற்கக்கூடிய புள்ளி, 0.01 பாகை செல்சியஸ், 6.11 மில்லிபார். நாம் மூச்சுவிடும் காற்றின் அமுக்கம் 1013 மில்லிபார். சுற்றியுள்ள அமுக்கம் 6.11க்குக் கீழே இறங்கிவிட்டால் பனிக்கட்டிக்கு வெப்பம் கொடுத்தாலும் அது உருகாது. நேரே ஆவியாகும். பாடசாலையில் பதங்கமாதல் என்று படித்தது இதுதான். பனிக்கட்டிக்கும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓர் ஆவியமுக்கம் உண்டு: மறை 10 பாகையில் (பூச்சியத்துக்குக் கீழே 10) 2.6 மில்லிபார், மறை 20இல் 1.03, மறை 30இல் 0.38, மறை 40இல் 0.13, மறை 50இல் 0.04. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது. பிறகு வரும் கோளாறுகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும்.

சாதாரணமாக இயந்திரத்தின் உலர்த்தும் அறைக்குள் அமுக்கத்தை 0.2 முதல் 1 மில்லிபாருக்குள் வைத்துத்தான் உலர்த்துகிறோம். அறையில் 0.5 மில்லிபார் என்றால் இறாலுக்குள் ஆவியாகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி ஏறத்தாழ மறை 27 பாகையில் நிற்கும். தட்டுக்கு அடியில் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தாலும் அது அங்கேயே நிற்கும், ஏனென்றால் வருகிற வெப்பம் முழுவதையும் ஆவியாதல் தின்றுவிடுகிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை ஆவியாக்க 2.84 மெகாயூல் தேவை. வெப்பம் கொடுக்காவிட்டால் உணவு மேலும் மேலும் குளிர்ந்து ஆவியாதல் நின்றேபோகும். குளிர்ப் பெட்டிக்குள் ஏன் சூடாக்கி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனிக் கன அளவைப் பாருங்கள். 4 கிலோ அவித்து உரித்த இறாலில் சுமார் 3 கிலோ தண்ணீர். அதை 20 மணி நேரத்தில் எடுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 2.5 கிராம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 0.5 மில்லிபாரில் ஒரு கிராம் ஆவி பிடிக்கும் இடம் 2.3 கனமீற்றருக்கு மேல். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,800 லீற்றர் ஆவி. ஏசி திருத்துபவர்கள் வைத்திருக்கும் ஆறு சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு ஆறு கன அடி) பம்பி நிமிடத்துக்கு 170 லீற்றர்தான் இழுக்கும். முப்பது பம்பி வைத்தாலும் போதாது. ஆவியைப் பம்பி எடுப்பதில்லை. ஒடுக்கி எடுக்கிறது. மறை 40 பாகையில் நிற்கும் உலோகப் பரப்பில் ஆவி மோதியதும் பனியாக ஒட்டிக்கொள்கிறது, ஆயிரக்கணக்கான லீற்றர் அந்தக் கணமே சில கிராமாகச் சுருங்குகிறது. தட்டில் இருந்த பனிக்கட்டி ஒடுக்கிக்கு இடம் மாறுகிறது, இயந்திரம் செய்யும் வேலை முழுவதும் அவ்வளவுதான். பம்பியின் பொறுப்பு, தொடக்கத்தில் காற்றை வெளியேற்றுவதும் பிறகு கசிந்து வருகிற கொஞ்சக் காற்றை எடுத்துக்கொண்டே இருப்பதும்.

நம்முடைய ஊரின் சிக்கல் இங்கேதான் நுழைகிறது. அறை வெப்பநிலை 25 பாகையாக இருக்கும்போது மறை 40க்குப் போகும் கொம்பிரசர், வைகாசி ஆனியில் தகரக் கூரைக்குக் கீழே 36 பாகையில் நின்றால் மறை 30ஐத் தாண்டவே திணறலாம். தாளில் ஒட்டிய எண்ணைப் பாருங்கள்: மறை 30 என்றால் 0.38 மில்லிபார். ஒடுக்கியில் பிடித்த பனியே அந்த ஆவியமுக்கத்தைத் திருப்பித் தருவதால் உலர்த்தும் அறையின் அமுக்கம் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. எத்தனை இலட்சத்துக்குப் பம்பி வாங்கினாலும் இறங்காது. அதோடு இயந்திரம் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக இயந்திரம் நிற்கும் அறைக்குள்தான் கொட்டுகிறது. ஒரு கிலோவாட் இழுக்கும் இயந்திரம் ஓர் அறைக்குள் ஒரு கிலோவாட் சூடாக்கியாகவும் வேலை செய்கிறது. எனவே அறைக்கு ஏசி ஆடம்பரம் அல்ல, இயந்திரத்தின் ஒரு பாகம் என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டிய இடம் என்றால் உப்புக் காற்று கொம்பிரசரின் வெளித் தகடுகளை அரிக்கும். தகடுகளுக்கிடையில் தூசியும் உப்பும் படிந்தால் குளிர் உடனே குறையும். மாதம் ஒரு தடவை மென்மையான தூரிகையால் தட்டி, காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மற்றப் பாகங்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்க்கலாம். உலர்த்தும் அறை துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். கதவு பெரும்பாலும் தடித்த அக்கிரிலிக். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கதவின் மேல் வெளிக்காற்று அழுத்தும் விசை ஏறத்தாழ 1.3 தொன் எடைக்குச் சமம். வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் சாதாரணக் கண்ணாடிப் போத்தலையோ மெல்லிய தகரப் பெட்டியையோ அறையாக வைக்க வேண்டாம். உள்நோக்கி நொறுங்கும்போது துண்டுகள் எதிர்ப்பக்கத்தால் வெளியே பாயும். கதவைச் சுற்றியுள்ள சிலிக்கன் வளையத்தில் ஒரு தலைமுடியோ இறால் மீசையோ கிடந்தாலே வெற்றிடம் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும்.

பம்பி இரண்டு கட்ட எண்ணெய்ப் பம்பியாக இருந்தால் நல்லது. தண்ணீர் ஆவி கொஞ்சமாவது அதற்குள் போகத்தான் செய்யும். போனால் எண்ணெய் பால் நிறமாகும். பக்கவாட்டுக் கண்ணாடித் துளையில் தெளிந்த தேன் நிறம் தெரிந்தால் ஓடலாம். வெள்ளை மங்கலோ அடியில் துளித் துளியாகத் தண்ணீரோ தெரிந்தால் உடனே வடித்து மாற்ற வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயால் நல்ல பம்பியும் 1 மில்லிபாருக்குக் கீழே இறங்காது. ஓட்டம் முடிந்ததும் உலர்த்தும் அறையின் வால்வை மூடிவிட்டு, பம்பியில் இருக்கும் காற்று விடும் திருகைத் திறந்து இருபது முப்பது நிமிடம் சூடாக ஓட விட்டால் கரைந்த ஈரத்தின் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய்ப் புகை வரும் குழாயைச் சன்னலுக்கு வெளியே விடுங்கள், உணவு பொதி செய்யும் இடத்தில் அந்த மணம் ஆகாது. எண்ணெய் இல்லாத பம்பிகளும் உண்டு. விலை கூட, ஆனால் இந்தத் தொல்லைகள் இல்லை.

அமுக்கமானியைப் பற்றி ஒரு சொல். சிறிய இயந்திரங்களில் இருப்பது பெரும்பாலும் பிராணி (Pirani) வகை, வாயு வெப்பத்தைக் கடத்தும் அளவை வைத்து அமுக்கத்தைக் கணிப்பது. அது காற்றுக்கு அளவு திருத்தியது. தண்ணீர் ஆவிக்குள் நிற்கும்போது உண்மை அமுக்கத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கூட்டிக் காட்டும். அதாவது 0.8 என்று காட்டினால் உண்மையில் 0.5 ஆக இருக்கலாம். இதைக் குறையாக எடுக்க வேண்டாம். பனிக்கட்டி தீர்ந்து ஆவி குறையக் குறைய அந்த எண் தானாகவே இறங்கும். அந்த இறக்கமே முதற்கட்ட உலர்த்தல் முடிகிறது என்பதற்கான நல்ல அறிகுறி.

மின்சாரத்துக்கு வருவோம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த இயந்திரம் 110 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதைக் குறைந்த விலைக்கு இறக்கி, மின்மாற்றி ஒன்று போட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மின்மாற்றி வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. நம்முடைய 50 ஹேர்ட்ஸில் கொம்பிரசர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும். ஏற்கெனவே வெக்கையில் திணறும் ஒடுக்கிக்கு அது கடைசி அடி. தகட்டில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். தனி இணைப்பு, புவிக் கம்பி, ட்ரிப் சுவிட்ச் மூன்றும் கட்டாயம்.

இனி இறாலை எடுத்துச் செய்முறையைப் பார்ப்போம். தலை, ஓடு, குடல் நீக்கி, வால் நுனி ஓட்டையும் கழற்றுங்கள். காய்ந்த வால் பையைத் துளைத்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு நடுப்பகுதி வெள்ளையாகும்வரை அவித்து, பனிக்கட்டித் தண்ணீரில் உடனே ஆற்றி, வடித்து, துணியால் ஒற்றுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துளித் தண்ணீரும் வீணான மின்சாரம். தடிப்பு ஒன்றரைச் சென்ரிமீற்றரைத் தாண்டினால் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும், ஏனென்றால் உள்ளேயுள்ள ஆவி ஏற்கெனவே காய்ந்த பஞ்சு போன்ற பகுதியைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, தட்டின் வெறும் எடையையும் நிறை எடையையும் எழுதி வையுங்கள். பிறகு வீட்டு ஆழ் உறைபெட்டியில் ஓர் இரவு முழுவதும்.

வீட்டு உறைபெட்டி மறை 18 பாகை. அது தொடக்கத்துக்குத்தான். உப்பு கலந்த தண்ணீர் முழுவதும் இறுகி உறைய மறை 21 பாகைக்குக் கீழே போக வேண்டும். அதற்கு மேலே எவ்வளவு கல்லாகத் தெரிந்தாலும் பனிக்கட்டிப் படிகங்களுக்கிடையில் உப்புத் தண்ணீர் திரவமாகவே இருக்கும். வெற்றிடம் பிடித்ததும் அது கொதித்து நுரைக்கும். ஆகவே தட்டுகளை இயந்திரத்துக்குள் வைத்தபின் மறை 35 பாகை அளவுக்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் குளிர விட வேண்டும். உறையும் வேகத்திலும் ஒரு பேரம் இருக்கிறது. மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாகும், துளைகள் பெரிதாகும், உலர்த்தல் விரைவாகும். ஆனால் தசை கிழிந்து, ஊற வைக்கும்போது கொஞ்சம் சக்கையாக இருக்கும். விரைவாக உறைந்தால் நேர்மாறு. இறாலுக்கு விரைவு நல்லது. சாறுக்கும் கூழுக்கும் மெதுவே போதும்.

தொடங்கும் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் ஒடுக்கி. அது மறை 40 பாகையை நெருங்கியபின் பம்பி. அமுக்கம் 0.7 மில்லிபாருக்குக் கீழே வந்தபின் சூடாக்கி. சூடாக்கியை முந்தி போட்டால் உருகும். பம்பியை முந்தி போட்டால் ஆவி முழுவதும் எண்ணெய்க்குள் போகும். தட்டின் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றுங்கள், அமுக்கத்தைப் பார்த்துக்கொண்டே. சூடு கூடி அமுக்கம் ஏறத் தொடங்கினால், ஆவி வருகிற வேகத்துக்கு ஒடுக்கி ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். சூட்டைக் குறையுங்கள். இன்னொன்று: அமுக்கம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். வெற்றிடம் மிகையானால் தட்டிலிருந்து உணவுக்கு வெப்பம் கடத்த மூலக்கூறுகளே இருக்காது, உலர்த்தல் தாமதிக்கும். இறாலுக்கு 0.5 சுற்றியே போதும்.

பனிக்கட்டி தீர்ந்தபின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஈரம் எஞ்சும். அதை எடுக்கத் தட்டை 45, 50 பாகைக்கு உயர்த்தி மேலும் நான்கைந்து மணி நேரம் வைக்க வேண்டும். இது இரண்டாம் கட்டம். பலரும் அவசரப்படுவது இங்கேதான். பார்க்கக் காய்ந்துவிட்டது போலவே இருக்கும். நடுத்தட்டின் நடுவில் இருக்கும் தடித்த இறால் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே முழுவதும் ஒரே வெள்ளையாக, மொறுமொறுவென்று உடைய வேண்டும். நடுவில் சாம்பல் நிறத்தில் கண்ணாடித்தன்மையான ஒரு புள்ளி இருந்தால், அந்த இடம் உதட்டில் வைக்கக் குளிர்ந்தால், பனி மீதி இருக்கிறது. உறுதியான சோதனை தராசுதான்: தட்டின் எடையைப் பார்த்து, மேலும் இரண்டு மணி நேரம் ஓட்டி, திரும்ப எடை பாருங்கள். எடை அசையவில்லை என்றால் முடிந்தது. 4 கிலோ இறாலுக்கு ஒரு கிலோ அளவில் நிற்கும். நீர் எஞ்சுவது மூன்று வீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கதவைத் திறக்கும் கணம் நம்முடைய ஊரில் மிகவும் ஆபத்தானது. 30 பாகையில் 75 வீத ஈரப்பதன் உள்ள காற்றின் பனிநிலை 25 பாகை. தட்டு அதைவிடக் குளிராக இருந்தால் திறந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் தண்ணீராக இறங்கும். ஒரு நாள் முழுவதும் மின்சாரம் செலவழித்து எடுத்ததை ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்த மாதிரி. எனவே தட்டு 35 பாகை அளவில் சூடாக இருக்கும்போதே, ஏசி போட்ட அறையில், காற்றை மெதுவாக உள்ளே விட்டுத் திறந்து, கையோடு பொதி செய்ய வேண்டும். வாடைக் காற்று மாதங்களில், மழை நாளில், ஒவ்வொரு தட்டாக வெளியே எடுங்கள். மற்றவை மூடிய உலர்த்தும் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

பை அலுமினியப் படலம் உள்ளதாக இருக்க வேண்டும். ஒளிபுகும் சாதாரணப் பொலித்தீன் ஈரத்தையும் ஒட்சிசனையும் விடும். ஒரு லீற்றர் காற்றில் 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருப்பதால் ஒரு லீற்றர்ப் பைக்கு 300 சிசி ஒட்சிசன் உறிஞ்சி ஒன்று போதும். அதோடு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சேர்த்துப் போட வேண்டாம், இரும்புத்தூள் உறிஞ்சி வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சிலிக்கா அதைப் பறித்துவிடும்.

மாம்பழம், பலாப்பழம், பப்பாளி வேறு கதை. இனிப்புத் தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாவதில்லை. அடர்ந்த பாகு ஒன்று எஞ்சி இறுகி நிற்கும். கரும்புச் சீனிக் கரைசலில் அந்தப் பாகு மறை 32 பாகை அளவில் இளகத் தொடங்கும். குளுக்கோசு, பிரக்டோசு என்றால் மறை 40ஐயும் தாண்டிக் கீழே. பழத்திலுள்ள நாரும் பெக்டினும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்றாலும், பழத்துக்கு 0.3 மில்லிபாருக்குக் கீழே அமுக்கம் இருப்பதே பாதுகாப்பு. ஒடுக்கி மறை 30இலேயே நின்றால் 0.38க்குக் கீழே வராது என்று மேலே பார்த்தோம். அதனால்தான் வெக்கையான அறையில் இறால் நன்றாக வரும் அதே இயந்திரத்தில் மாம்பழம் நுரைத்து, சுருங்கி, ரப்பர் மாதிரி தட்டில் ஒட்டிக்கொள்கிறது. பழத்தை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக வெட்டாமல், மிகையாகக் கனிந்ததைத் தவிர்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்போதே எடுங்கள். தேன், பாணி, ஜாம் இவற்றை முயல வேண்டாம். தோல் உள்ள முந்திரிகைப் பழத்தை இரண்டாக வெட்டியே வைக்க வேண்டும், தோல் ஆவியை விடாது.

தயிரைப் பற்றி அக்கறையோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிருக்கு இது நல்ல வழி. முட்டியில் இருக்கும் தயிரை அப்படியே கட்டியாகப் போடாமல், கடைந்து, தட்டில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஊற்றி உறைய வையுங்கள். உறை மோருக்கான பற்றீரியா உயிரோடு எஞ்ச வேண்டுமானால் கடைசிக் கட்டத்திலும் தட்டு 35 பாகையைத் தாண்டக் கூடாது. நேரம் கூடும், பரவாயில்லை. எருமைப் பாலில் ஏழு வீதம் அளவில் கொழுப்பு. உலர்த்தும்போது கொழுப்பு எங்கேயும் போகாது, துளைகளின் சுவரெல்லாம் பரவி ஒட்சிசனுக்குத் திறந்து கிடக்கும். ஆகவே ஆடையை எடுத்துவிட்டுச் செய்வதே நல்லது. எடுத்தாலும் வருடக் கணக்கில் வைக்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். இதே காரணத்தால் தேங்காய்ப்பால் கறி, சாளை போன்ற கொழுப்பு மீன், தேங்காய்ப்பூ எல்லாம் இந்த இயந்திரத்துக்குரியவை அல்ல. விரைவில் காறல் அடிக்கும்.

இப்படி உலர்த்துவது கிருமியைக் கொல்லாது. ஆய்வுகூடங்கள் பற்றீரியாவைப் பல வருடம் உயிரோடு சேமிக்கப் பயன்படுத்துவதே இந்த முறைதான். உலர்ந்த பச்சை இறால் பச்சை இறால்தான், தண்ணீர் பட்டதும் கிருமியும் எழும்பும். அவித்துவிட்டு உலர்த்துங்கள் என்று மேலே சொன்னது ருசிக்காக மட்டும் அல்ல. சூரை, கெளவல்லா போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்து: பிடித்தபின் பனிக்கட்டி போடாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். அது அவித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, உலர்த்தினாலும் போகாது. வள்ளத்திலேயே பனிக்கட்டி போட்ட மீன் கிடைக்காவிட்டால் அந்த வகையைத் தொடாதீர்கள். விற்பனைக்கு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தொடக்கத்திலேயே போய்ப் பேசிவிடுங்கள்.

அமுக்கம் இறங்கவில்லை என்றால் எங்கே தேடுவது? முதலில் எண்ணெய், பிறகு கதவு வளையம், பிறகு வடிகுழாய் வால்வு. வடிகுழாயில் முந்திய ஓட்டத்தின் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவே ஆவியாகிக்கொண்டிருக்கும். இவை சரி என்றால் உலர்த்தும் அறையைக் காலியாக, காய்ந்த நிலையில் ஓட்டி, பம்பி வால்வை மூடிவிட்டு அமுக்கமானியைப் பாருங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. விரைவாக ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் கசிவு அல்ல, உள்ளே ஈரம். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல வளையத்தைக் கழற்றி எறிபவர்கள் அதிகம்.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். பம்பிக்கும் அறைக்கும் இடையிலுள்ள வால்வு தானாக மூடாத வகை என்றால் உடனே கையால் மூட வேண்டும். இல்லையென்றால் வெற்றிடம் எண்ணெயை உள்ளே இழுத்து உணவின் மேல் விடும். சிறிது நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்து ஒடுக்கியிலிருந்தே ஒழுங்காகத் தொடங்குங்கள், கொம்பிரசரை நின்ற உடனே திரும்பத் தொடக்கினால் மோட்டர் எரியலாம். ஒடுக்கிப் பனி உருகத் தொடங்கிவிட்டால் காற்றை விட்டு, தட்டுகளை உறைபெட்டிக்கு மாற்றி, தண்ணீரை வடித்துவிட்டு, முதலிலிருந்து.

செலவை இப்படி நினையுங்கள். 3 கிலோ பனிக்கட்டியை ஆவியாக்க விஞ்ஞானம் கேட்பது 2.4 அலகு மின்சாரம்தான். ஆனால் ஒரு கிலோவாட் இயந்திரம் 30 மணி நேரம் ஓடினால் 30 அலகு, ஏசி தனி. ஒரு கிலோ உலர்ந்த இறாலில் அந்தச் செலவு ஒளிந்துகொள்ளும். 88 வீதம் தண்ணீராக இருக்கும் பப்பாளியில் ஒளியாது: 4 கிலோவுக்கு அரைக் கிலோகூடத் தேறாது. முருங்கை இலை, மிளகாய், கறிவேப்பிலை இவற்றுக்கு நிழலும் காற்றும் போதும், இந்த இயந்திரத்தைத் தொட வேண்டாம். புதிதாக வாங்கியவர்கள் முதல் ஓட்டத்துக்கு இறாலையும் மாம்பழத்தையும் வைக்காமல், சோறோ சிறிதாக வெட்டி அவித்த கரட்டோ வையுங்கள். உப்பும் இனிப்பும் கொழுப்பும் குறைவு, பிழை நேர்ந்தாலும் நட்டம் சிறிது. ஒடுக்கி எத்தனை பாகை வரை போனது, அமுக்கம் எங்கே நின்றது, தட்டு எடை மணிக்கு எவ்வளவு குறைந்தது என்று அந்த ஓட்டத்திலேயே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை அந்த எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.